ஏரி வளைவில் ஆள் இல்லை

ஏற்காட்டில் கார்களை ஒழுங்காக நிறுத்த வைக்க எத்தனை ஆள் வேண்டும் என்று யாராவது கேட்டால், சின்னன் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் டக்கென்று பதில் சொன்னவன்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அதற்கு முன்னாலெல்லாம் மலைக்கு வருகிற கார் கைவிரலுக்குள் அடங்கும். எஸ்டேட் துரைமார் ஜீப்பு, பஸ், காப்பி ஏற்றப் போகிற லாரி, அவ்வளவுதான். பிறகு கோடை விழா என்று ஒன்று பெரிசாக நடக்க ஆரம்பித்தது. சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அம்பாசடர் என்ன, மெட்டடார் வேன் என்ன, புதுசாய் வந்த மாருதி என்ன, மூச்சு முட்ட ஏறி வந்தார்கள். வந்தவன் ஓரமாகவா நிறுத்துவான்? ஏரி நன்றாய்த் தெரிகிற இடமாகப் பார்த்து நட்ட நடு ரோட்டில் நிறுத்துவான். கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு படகு ஏறப் போய்விடுவான். பின்னால் பஸ் நின்றால் என்ன, பிணம் நின்றால் என்ன!

இதைச் சமாளிக்கப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் ஏற்பாடு செய்தவர் மேனேஜர் தேவசிகாமணி. நல்ல மனுசன்தான், ஆனால் வாய் மட்டும் எப்போதும் கொதிக்கிற உலை. புதர் வெட்ட, சாக்கடை தள்ள என்று ஆபீஸ் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்த தலைச்சோலைக் கிராமத்துச் சின்னனை அவர் ஒருநாள் கூப்பிட்டார்.

"பஸ் ஸ்டாண்டு, ஏரி வளைவு, பூக்கண்காட்சி மைதானம், சேர்வராயன் கோயில் ரோடு பிரியற எடம். நாலு எடத்துலயும் நின்னு வண்டியை ஓரங்கட்ட வைக்கோணும். எத்தனை ஆளுய்யா வேணும்?"

"நாலு எடத்துக்கு நாலு ஆளுங்க" என்றான் சின்னன்.

"சரி, நீயே ஆளைப் பிடிச்சுட்டு வா. இந்த விழா நல்லபடியா முடியட்டும், நாலு பேரையும் நிரந்தரம் பண்ண எழுதிப் போடறேன். ஆனா விழா அன்னைக்கு ஒருத்தன் கொறைஞ்சாலும் சரி, நாலு பேரையும் தூக்கிட்டுச் சேலத்துல இருந்து ஆளைக் கொண்டாந்து போட்டுருவேன். பாத்துக்க!"

நிரந்தரம் என்றால் சும்மாவா? மழையை நம்பிச் சாமை விதைத்து, காப்பிப் பழம் பழுக்கிற மாசத்தில் கூலிக்குப் போய், மிச்ச மாசத்தில் அடுத்த ஊட்டு அடுப்பைப் பார்க்கிற பிழைப்பு அவர்களுடையது. மாசம் பிறந்தால் சம்பளம் என்பது அவர்கள் வகையறாவில் எவனும் கண்டறியாதது. சின்னன் நேராய்த் தலைச்சோலைக்குப் போய்த் தன் பங்காளிகள் மூன்று பேரைக் கூட்டிவந்தான். பெரியப்பன் மகன் சித்தன், இன்னும் இரண்டு தம்பிமுறைக்காரர்கள் மாதப்பன், செல்லப்பன்.

எஸ்டேட் கூலிக்காரர் லயத்திலிருந்து காளியண்ணன் என்பவனும் வந்து கெஞ்சிப் பார்த்தான். கீழ்நாட்டிலிருந்து காப்பி வேலைக்கு வந்த குடும்பத்துக்காரன். "ஏனுங்க சின்னண்ணா, எனக்கும் ஒரு எடம் பாத்துக் குடுங்க. நாலு பேரும் ஒரே ஊட்டாளுகளாத்தான் இருக்கோணுங்களா?" என்றான்.

"எங்காளுகன்னா நாஞ் சொன்னாக் கேப்பாங்கப்பா. வெளியாளுகிட்ட மல்லுக்கட்ட எனக்கு ஆகாது" என்று அவனை அனுப்பிவிட்டான் சின்னன். அன்றைக்கு அவனுக்கு அது நொம்பச் சரியாகத்தான் பட்டது. தன் ரத்தம் நாலும் பிழைக்கட்டுமே என்று நினைப்பது ஒரு குற்றமா, சொல்லுங்கள்?

காக்கிச் சட்டை ஒன்று, கழுத்தில் விசில், கையில் சிவப்புத் துணி கட்டிய குச்சி. ஆளுக்கொரு இடத்தில் நின்றார்கள். விழா முடிகிறவரைக்கும் நாலு பேருக்கும் ராத்திரிப் படுக்கை ஆபீஸ் திண்ணையில்தான். அதிலும் ஏரி வளைவுக்குச் சித்தன் மாதிரி ஒரு ஆள் கிடைக்கவே மாட்டான். விசிலை ஊதிக்கொண்டு ஓடுவான்; கார்க்காரன் முறைத்தால் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க சார், ஏரி எங்கியும் ஓடிறாதுங்க. வண்டியை ஓரங்கட்டிட்டு வந்து சாவகாசமாப் பாருங்க" என்பான். திட்ட வந்தவனும் சிரித்துவிடுவான். மலைப்பாதையில் எந்தப் பஸ் வந்தாலும், தலைச்சோலைக்கு எந்தப் பஸ் போனாலும், அந்த வளைவைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கே ஒரு வண்டி குறுக்கே நின்றால் போதும், ஊரே நின்றுபோகும்.

விழாவில் முக்கியமான நாள், மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருத்தர் பூக்கண்காட்சியைப் பார்க்க வருகிற நாள். விடிந்தும் விடியாமல் பனி விலகாத நேரத்தில் சின்னன் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். தலைச்சோலையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் இறங்கினார் ஊர்க்காரர் ஐயாக்கண்ணு. முகத்தைப் பார்த்ததுமே சின்னன் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"சின்னா, உம் பெரியப்பன் போயிட்டாருடா. கோழி கூப்பிடற நேரத்துல உசுரு பிரிஞ்சுது."

சித்தனைப் பெற்றவர். சித்தனைப் பெற்றவர் மட்டுமா? சின்னனுக்குத் தகப்பன் முகம் தெரியாது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சேர்வராயன் திருவிழாவுக்கு மலையேறினவர் அந்தப் பெரியப்பன்தான். முதல் தடவை ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"நா இப்பிடியே கொட்டச்சேட்டுக்குப் போயி சம்பந்திமாருக்குச் சொல்லோணும். தம்பிமாருக்கு நீயே சொல்லிக் கூட்டியாந்துரு. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிருவாங்க. பெத்த பையன் இல்லாம எடுக்க வெச்சிராத, சாமி" என்று சொல்லிவிட்டு ஐயாக்கண்ணு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அவர்கள் வகையறாவில் ஒரு கட்டு உண்டு. பங்காளி சாவு காதில் விழுந்தால் விழுந்த நேரத்திலேயே கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பியாக வேண்டும். பிணம் மண்ணுக்குள் போகிறவரைக்கும் பச்சைத் தண்ணி பல்லில் படக்கூடாது. காதில் விழாதவரைக்கும் ஒன்றுமில்லை. தின்னலாம், வேலை செய்யலாம், தீட்டுமில்லை, குற்றமுமில்லை. கேட்ட காதுக்குத்தான் தீட்டு.

அங்கேதான் அந்தப் பாவி மனுசன் புத்தி வேலை செய்தது. சொன்னால் நாலு பேரும் போயாக வேண்டும். நாலு பேரும் ஒரே இரத்தம். நிறுத்திவைக்க ஒரு வெளியாள் கூட இல்லை. நாலு இடமும் காலி. அதிகாரி கார் நடுரோட்டில் நிற்கும். மேனேஜர் சொன்னபடி சேலத்துக்காரனைப் போட்டுவிடுவார். சொல்லாவிட்டால்? தீட்டு தனக்கு மட்டும்தானே! அவர்களுக்கு ஒரு பாவமும் இல்லையே! அதிகாரி காலையிலேயே வந்து மத்தியானத்துக்குள் போய்விடுவார் என்று சொல்லியிருக்கிறார்கள். மூணு மணி பஸ்ஸில் சித்தனை ஏற்றிவிட்டால் பொழுதிருக்கவே ஊர் சேர்ந்துவிடுவான். அப்பன் முகத்தைப் பார்த்துவிடுவான், வேலையும் நின்றுவிடும்.

'சேர்வராயா, பாவம் எல்லாம் எந்தலையோட போகட்டும்' என்று மலை இருக்கிற திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். சாமி என்ன பதில் சொல்லும்? பனிதான் தெரிந்தது.

வெயில் ஏறிய பிறகு ஏரி வளைவுப் பக்கம் போனான். சித்தன் எங்கிருந்தோ ஒரு கிளாஸ் டீயோடு ஓடிவந்தான்.

"அண்ணா, காலையில இருந்து ஒண்ணுமே குடிக்கலியாமா? மாதப்பன் சொன்னான். இந்தாங்க, சூடா இருக்குது."

"வேண்டாண்டா."

"அட, குடிங்கண்ணா. மொகமெல்லாம் வாடிக் கெடக்குது."

"வயிறு செரியில்லடா. நீ குடி."

சித்தன் நின்றபடியே டீயைக் குடித்தான். அப்பன் செத்துக் கிடக்க மகன் டீ குடிக்கிறதைச் சின்னன் பார்த்துக்கொண்டு நின்றான். குடித்து முடித்துவிட்டுச் சித்தன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணா, எங்கப்பன் இந்தப் பூவெல்லாம் பாக்கோணும்னு நொம்ப நாளாச் சொல்லிட்டிருக்குது. போன வாரம் ஊருக்குப் போனப்பக் கூடக் கேட்டுச்சு. நாளைக்குக் கூட்டியாரட்டுங்களா? மேனேஜரு ஒண்ணும் சொல்ல மாட்டாருல்ல?"

"கூட்டியாடா" என்றான் சின்னன். அவனுக்கு எப்படித்தான் அந்தச் சொல் வாயில் வந்ததோ! சட்டென்று திரும்பி, வராத ஒரு வண்டியைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டு நடந்தான்.

மத்தியானம் ஆயிற்று. அதிகாரியைக் காணோம். அடிவாரத்தில் சாப்பாடு, அங்கே ஒரு கூட்டம், இங்கே ஒரு மாலை என்று நேரம் போய், அவர் கார் மலையேறி வந்து சேர்ந்ததே எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு. சின்னன் பஸ் ஸ்டாண்டில் நெருப்பின் மேல் நிற்கிறவன் மாதிரி நின்றான். தண்ணீர் இல்லாமல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூணு மணி பஸ் வந்து நின்றதும் அவனால் பொறுக்கவில்லை. அதிகாரி போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி என்று ஏரி வளைவுக்கு ஓடிச் சித்தனைக் கையைப் பிடித்து ஓரமாய் இழுத்தான்.

"சித்தா, மனசைத் தெடப்படுத்திக்கடா. இப்பத்தான் தகவல் வந்துச்சு. பெரியப்பன்..."

சித்தனுக்கு ஒரு நிமிசம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் "ஐயோ, எங்கப்பா!" என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து எஸ்டேட் குறுக்குப் பாதையைப் பார்த்து ஓடப் போனான். சின்னன்தான் பிடித்து நிறுத்தினான்.

"நடந்து போனா இருட்டிரும்டா. பஸ்ஸு நிக்குது, அதுல போ. ஒரு மணி நேரத்துல ஊட்டுக்கே போயிருவ. மாதப்பனையும் செல்லப்பனையும் நா பின்னாலயே கூட்டிட்டு வாரேன்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டான். இனி ஏரி வளைவில் தானே நிற்பது, பஸ் தாண்டியதும் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்புவது. அதுதான் கணக்கு. வளைவைப் பார்த்துத் திரும்பினவன் எதிரே ஆபீஸ் பியூன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சின்னா, மேனேஜரு கூப்புடறாரு! அதிகாரி கார் எடுக்க முடியல, மைதானத்துல வேனெல்லாம் அடைச்சுட்டு நிக்குது. ஓடியா, ஓடியா!"

"வளைவுல ஆளில்லையே..."

"ரெண்டு நிமிசம்தான்யா!"

சின்னன் மைதானத்துக்கு ஓடினான்.

ரெண்டு நிமிசமாம்! மாதப்பனோடு சேர்ந்து ஒவ்வொரு வண்டிக்காரனாய்த் தேடிப் பிடித்து, கெஞ்சி, தள்ளி, அதிகாரி கார் வெளியே வந்து கெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் ஏறியபோது ஏரிப்பக்கம் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. சின்னன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான்.

வளைவில் ஆள் இல்லை. ஒரு மெட்டடார் வேன் ரோட்டின் குறுக்கே நின்றது. அதன் முதுகில் ஒரு அம்பாசடர், அதன் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் பூட்டிக் கிடந்தன. வண்டிக்காரர்கள் ஏரியில் படகில் இருந்தார்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வரிசை கட்டி வண்டி. நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது மூணு மணி பஸ்.

வேனின் பின்னால் ஒருத்தன் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். அசையவில்லை. ஓடிப் போய் ஏரிக்கரையில் நின்று படகைப் பார்த்து விசில் ஊதினான். திரும்ப வந்து தள்ளினான். திரும்பப் போய் ஊதினான். அழுகிறான், ஊதுகிறான், அழுகிறான். சித்தன்தான் அது. பஸ்ஸிலிருந்து இறங்கிவந்து, தன்னுடைய வளைவில், தன் அப்பன் சாவுக்குப் போக வழி கேட்டு விசில் ஊதிக்கொண்டிருந்தான்.

படகில் இருந்த ஒருவர் என்ன விசேசமோ என்று கையாட்டினார்.

சின்னனைப் பார்த்ததும் சித்தன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணா, எப்பிடியாச்சும் வழி பண்ணுங்கண்ணா. எங்கப்பனை எடுத்துருவாங்கண்ணா!" சின்னனும் தள்ளினான். பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்து தள்ளினார்கள். மலைச் சரிவு, பூட்டின வேன், கியரில் வேறு போட்டிருந்தான் அந்தப் புண்ணியவான். ஏரிக்கு அப்பால் மலை நிழல் நீண்டுகொண்டே வந்தது. சித்தன் அதைப் பார்த்தான். விசிலைக் கழற்றிக் கீழே எறிந்துவிட்டு எஸ்டேட் குறுக்குப் பாதையில் ஓட ஆரம்பித்தான்.

அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்துக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்களாம். பொழுது சாய்கிறவரைக்கும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாதென்று, மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை வேறொரு பங்காளி போட்டுவிட்டான்.

சின்னன் மற்ற இருவரோடு போனபோது இருட்டிவிட்டது. சித்தன் ஈர மண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐயாக்கண்ணுதான் ஆற்றாமல் கத்தினார்: "ஏண்டா சின்னா, மொத பஸ்ஸுக்கே வந்து உங்கிட்டச் சொன்னனேடா! பொழுதுக்கும் என்னடா பண்ணிட்டிருந்தீங்க நாலு பேரும்?"

சித்தன் தலையைத் தூக்கினான். சின்னனையே பார்த்தான். கோபம் இருந்திருந்தால் சின்னன் தாங்கியிருப்பான்.

"டீ வேண்டாம்னீங்களே" என்றான் சித்தன் மெதுவாக. "அப்பவே தெரியுங்களாண்ணா?"

சின்னன் அந்த ஈர மண்ணுக்கு எதிரே உட்கார்ந்தான். "நாளைக்குக் கூட்டியாடான்னு சொன்னீங்களேண்ணா" என்றான் சித்தன். காரியம் முடிந்த அன்று பங்காளிகள் கூடி, இனி எந்த ஊட்டு நல்லது கெட்டதுக்கும் சின்னன் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தீட்டுக் கழிந்து சின்னன் ஆபீஸுக்குப் போனான். நாலு பேர் வேலையாவது மிஞ்சினால் செய்த பாவத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று ஒரு நப்பாசை. தேவசிகாமணி எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். உட்காரக்கூடச் சொல்லாமல் எரிந்து விழுந்தார்.

"ஏய்யா, சாவு விழுந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னய்யா? நானென்ன கல்லா? போலீஸ் ஸ்டேசன்ல கேட்டா அன்னைக்கு நாலு போலீஸ்காரங்களை விட்டிருப்பாங்களே!"

சின்னன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதானுங்களே சொன்னீங்க... ஒருத்தன் கொறைஞ்சாலும் நாலு பேரையும் தூக்கிருவேன்னு."

"அட, அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுய்யா!"

பேச்சுக்கு!

மேனேஜர் குரல் கொஞ்சம் இறங்கிற்று. "இனிமே ஒரு வகையறாவுக்கு ஒரு ஆள்தான்யா. அந்த ஊட்டுல நல்லது கெட்டதுன்னா மத்தவங்க நிப்பாங்க. ஒரு ஆள் உபரியாவும் இருக்கோணும், நாலு எடத்துக்கு அஞ்சு பேரு. அப்பிடித்தான் எழுதிப் போட்டிருக்கேன். உங்கள்ல ஒருத்தனுக்கு எடம் இருக்குது. நீ இருந்துக்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் சின்னனைக் கொன்றது. காளியண்ணனை அன்றைக்குச் சேர்த்திருந்தால், அந்த வளைவில் தீட்டில்லாத ஒருத்தன் நின்றிருப்பான். ஒரே ஒருத்தன்.

"எனக்கு வேண்டாங்க. சித்தனுக்குக் குடுங்க" என்றான்.

"யாரோ ஒருத்தன் வரட்டும்" என்றார் மேனேஜர்.

சித்தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சின்னன் அந்தச் சேதியைச் சொன்னான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. சித்தன் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாலியைக் கீழே வைத்தான்.

"அந்த வளைவுல நா எப்பிடிங்க நிப்பேன்?" என்றான். அண்ணா என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. "ஒவ்வொரு பஸ்ஸு வாரப்பவும் உள்ள நாந்தான் உக்காந்திருப்பேன்."

திரும்பவும் கோடாலியை எடுத்துக்கொண்டான். சின்னன் வந்த வழியே திரும்பிவிட்டான்.

அந்த ஊட்டிலிருந்து யாரும் ஆபீஸ் வேலைக்குப் போகவில்லை. மாதப்பனும் செல்லப்பனும் காப்பிக் கூலிக்குத் திரும்பினார்கள். சின்னனும் அப்படித்தான், ஆனால் பங்காளிகள் போகிற எஸ்டேட்டுக்குப் போக முகமில்லாமல், தூரத்தில் ஒரு எஸ்டேட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்தான்.

அடுத்த கோடை விழாவின்போது ஒருநாள் வேலை முடிந்து மூணு மணி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். கூட்டம் போன வருசத்துக்கும் மேலே. ரோட்டோரம் நெடுக வண்டி. ஏரி நெருங்க நெருங்கச் சின்னன் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். வளைவில் காளியண்ணன் புதுக் காக்கிச் சட்டையோடு நின்றிருந்தான். பக்கத்தில் உபரி ஆள் ஒருத்தன். குறுக்கே வந்த வேனைக் காளியண்ணன் விசில் ஊதி ஓரங்கட்டினான். மற்றவன் குச்சியை ஆட்டிப் பஸ்ஸுக்கு வழி விட்டான். டிரைவர் பிரேக்கில் கூடக் கால் வைக்கவில்லை.

"இந்த வருசம் பரவால்லீங்க, நல்லா ஆள் போட்டிருக்காங்க" என்று கண்டக்டர் பொதுவாகச் சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தார்.

பஸ் நிற்காமல் வளைவைத் தாண்டிவிட்டது. சின்னன் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு, தலைச்சோலை வருகிறவரைக்கும் அழுதான்.